வியர்வைக்கு ஊசி கிடையாது!

(தலைப்பு: ‘பெரிய வீரர்கள் ஊக்க மருந்தில் சிக்கும் செய்திகள், ஆசைக்காக ஓடுகிற, சைக்கிள் மிதிக்கிற சாதாரண மனிதரைச் சோர்வடையச் செய்கின்றனவா? உறுதியாக்குகின்றனவா?’ – ‘உறுதியாக்குகின்றன’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசி, இந்த அரங்கத்தையே சோர்வடையச் செய்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே காபி டம்ளரோட டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கிற அன்பர்களே!

எதிரணியிலே முதல்ல பேசின அண்ணன் உருக்கமா ஒரு கேள்வி கேட்டார். “ஏழு தடவை ஜெயிச்ச மனுஷனே மருந்து போட்டுத்தான் ஜெயிச்சான்னா, நான் எதுக்குங்க விடியக்காலம் நாலரை மணிக்கு எந்திரிச்சு ஓடணும்?”னு கேட்டார். நடுவர் அவர்களே, அண்ணனை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். அவர் நாலரை மணியைப் பார்த்ததே கிடையாது! (பலத்த சிரிப்பு) ஓடாதவருக்குத்தாங்க காரணம் வேணும். ஓடறவருக்கு ஒரு ஜோடி ஷூ போதும். (கைதட்டல்)

முதல்ல நாம யாரைப் பத்திப் பேசறோம்னு பார்க்கணும். ஆபீஸ் போறவர், பள்ளிக்கூட வாத்தியார், நர்ஸ் அம்மா, கடை வெச்சிருக்கிறவர். காலையிலே ஓடிட்டு வந்து, குளிச்சு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போறவங்க. மாரத்தான்னா 42 கிலோமீட்டர் 195 மீட்டர். சாம்பியன் இரண்டு மணி நேரத்துலே ஓடி முடிக்கிற தூரத்தை இவங்க நாலு மணி, அஞ்சு மணி நேரம் ஓடுவாங்க. அதுக்குச் சம்பளம் கிடையாது. இவங்கதான் பணம் கட்டணும்! காசும் கொடுத்துக் கஷ்டமும் படறது கல்யாணத்துலே மட்டும்தான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்... (சிரிப்பு)

(நடுவர்: வீட்டிலே டி.வி. ஓடிக்கிட்டிருக்கு, ஞாபகம் இருக்கட்டும்!) (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, ஞாபகம் இருக்குங்க. நான் அடுத்த வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னேன்! (சிரிப்பு)

இன்னொண்ணு கவனிக்கணும். கிரிக்கெட் மேல எவ்வளவு பைத்தியமா இருந்தாலும், உலகக் கோப்பை ஃபைனல்லே நீங்க போய் பேட் பிடிக்க முடியுமா? கேட்டிலேயே நிறுத்திடுவான். ஆனா மாரத்தான் அப்படியில்லை. அமெரிக்காவிலே பாஸ்டன் மாரத்தான் 1897லேருந்து நடக்குது. இன்னிக்கு அதிலே சாம்பியன் ஓடற அதே ரோடு, அதே நாள், அதே கோடு. பின்னாலேயே ஆயிரக்கணக்கான சாதாரண மனுஷங்களும் ஓடறாங்க. சைக்கிள்லே பாருங்க, டூர் டி பிரான்ஸ்னு உலகத்திலேயே பெரிய பந்தயம். அதிலே ஒரு மலைப் பாதையை, பொதுஜனங்களும் மிதிச்சுப் பார்க்கட்டும்னு வருஷத்துக்கு ஒரு நாள் திறந்துவிடறாங்க. ‘லெடாப் டு டூர்’னு பேரு. 1993லே ஆரம்பிச்சது. அதனாலே பெரிய வீரன் மருந்து போட்டான்னா, இவங்களுக்கு அது எங்கேயோ நடந்த செய்தி இல்லை. தன் வீட்டுக் கூடத்துலேயே திருடன் புகுந்த மாதிரி. அந்த வலி எனக்குப் புரியுது. அதை எங்கள் அணி மறுக்கவே இல்லை.

சரி, என்னதான் அந்த மருந்து? தாய்மார்களுக்கும் புரியற மாதிரிச் சொல்றேன். நம்ம சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரக்குது. சுருக்கமா ஈ.பி.ஓ. அது எலும்பு மஜ்ஜைக்கிட்டப் போய், “சிவப்பணுவைத் தயார் பண்ணு”னு உத்தரவு போடும். சிவப்பணு கூடினா, தசைக்குப் போற ஆக்சிஜன் கூடும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ்லே இருக்கறவங்களுக்கு அந்த ஹார்மோன் குறைஞ்சு, ரத்த சோகை வந்துடும். அவங்களுக்காகத்தான் விஞ்ஞானிகள் அதைச் செயற்கையா உண்டாக்கினாங்க. 1989லே அமெரிக்காவிலே மருந்தா அனுமதி கிடைச்சது. அப்புறம் கேன்சர் சிகிச்சையிலே ரத்தம் குறைஞ்சவங்களுக்கும் கொடுத்தாங்க.

யோசிச்சுப் பாருங்க ஐயா. படுக்கையிலே கிடக்கறவங்களை எழுப்பி உட்கார வைக்க வந்த மருந்தை, எழுந்து ஓடிக்கிட்டிருக்கறவன் எடுத்துக்கிட்டான்! (கைதட்டல்) அதுவும் சும்மா இல்லை. சிவப்பணு அளவுக்கு மீறிப் போனா, ரசம் மாதிரி ஓட வேண்டிய ரத்தம் வத்தக்குழம்பா ஆயிடும். (சிரிப்பு) அந்தக் குழம்பைத் தள்ள இதயம் திணறும். ரத்தம் கட்டிக்கும். உயிருக்கே ஆபத்து.

அதைக் கண்டுபிடிக்க 2000ஆம் வருஷம் வரைக்கும் சரியான சோதனையே கிடையாது. அதுக்கு முன்னாலே, 1997லே, சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு வெச்சது. ரத்தத்துலே சிவப்பணுவோட பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினா பந்தயத்துலே ஓடக்கூடாதுன்னாங்க. நல்லவன் அதை எப்படிப் புரிஞ்சுக்குவான்? “மருந்து போடக் கூடாது.” கெட்டிக்காரன் எப்படிப் புரிஞ்சுக்குவான்? “49 வரைக்கும் போடலாம்!” (சிரிப்பு)

1998 ஜூலை 8ஆம் தேதி. பிரான்ஸ், பெல்ஜியம் எல்லையிலே சுங்கக்காரங்க ஒரு காரை நிறுத்தினாங்க. ஃபெஸ்டினாங்கிற சைக்கிள் அணியோட கார். திறந்து பார்த்தா, மருந்துக் கடை! அந்த வருஷம் டூர் பந்தயத்தைத் தொடங்கினவங்க 189 பேர். ஃபெஸ்டினா அணியை வெளியேத்தினாங்க. போலீஸ் சோதனை வந்ததும் வேற சில அணிகள் தாங்களே கிளம்பிட்டாங்க. பாரிஸ்லே வந்து முடிச்சவங்க 96 பேர்தான்.

இப்படி மானம் போய்க் கிடந்த விளையாட்டுக்கு, அடுத்த வருஷமே ஒரு ரட்சகர் வந்தார். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1996லே, 25 வயசுலே கேன்சர். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவினது. அதிலேருந்து பிழைச்சு வந்து, 1999லேருந்து 2005 வரைக்கும் வரிசையா ஏழு தடவை ஜெயிச்சார்! எந்தத் தாய்க்குத்தான் கண் கலங்காது? அவரோட அறக்கட்டளை 2004லே ஒரு மஞ்சள் ரப்பர் வளையம் விட்டது. விலை ஒரு டாலர். கோடிக்கணக்கான பேர் கையிலே மாட்டிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிப் படுக்கையிலே இருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. அவரைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் பரண்லே கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தாங்க.

2012லே அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அவரோட ஓடின வீரர்களே சாட்சி சொன்னாங்க. ஏழு பட்டமும் போச்சு. வாழ்நாள் தடை. 2013 ஜனவரியிலே டி.வி.யிலே உட்கார்ந்து, ஆமாம், போட்டேன்னு ஒத்துக்கிட்டார். அந்த ஏழு பட்டத்தை யாருக்குக் கொடுத்தாங்க? யாருக்கும் கொடுக்கலை. ரெண்டாவது, மூணாவது வந்தவங்கள்லேயும் பல பேர் மேல இதே கறை. இன்னிக்கும் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் பட்டியல்லே அந்த ஏழு வருஷத்துக்கு எதிரே இடம் காலியாத்தான் இருக்கு.

எதிரணி அண்ணன் இங்கேதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பேச்சை முடிச்சார். நான் இங்கேதான் ஆரம்பிக்கிறேன். (கைதட்டல்)

இந்தச் செய்தி வந்தப்போ, சாதாரண சைக்கிள்காரர்களுக்குக் கோபம் வந்ததா? வந்தது. மஞ்சள் வளையத்தைக் கழட்டி எறிஞ்சவங்க உண்டு. கழட்டாதவங்களும் உண்டு. அவங்க அதை ஆம்ஸ்ட்ராங்குக்காகப் போடலை. ஆஸ்பத்திரியிலே போராடின அம்மாவுக்காக, அண்ணனுக்காகப் போட்டவங்க. ஐயா, கோபம் வேற, சோர்வு வேற. ரேஷன் கடையிலே எடை குறைச்சுப் போட்டா நமக்குக் கோபம் வருது. அதுக்காகச் சோறு சாப்பிடறதை விட்டுடறோமா? (பலத்த கைதட்டல்) எடையைச் சரி பாருன்னு சண்டை போடறோம். பசி இருக்கறவனுக்குத்தான் எடை மேல கோபம் வரும்!

ஒரு மலையைச் சொல்றேன். பிரான்ஸ் நாட்டிலே ஆல்ப் டுவெஸ். அடியிலேருந்து உச்சிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். 21 கொண்டை ஊசி வளைவு. நம்ம கொல்லிமலை, வால்பாறை போனவங்களுக்குக் கொண்டை ஊசி வளைவுன்னா என்னன்னு தெரியும். பஸ்ஸே மூச்சு வாங்கும். ஆம்ஸ்ட்ராங் 2001லேயும் 2004லேயும் அந்த மலையிலே ஏறி ஜெயிச்சார். உலகமே கை தட்டினது. அந்த ரெண்டு வெற்றியும் இன்னிக்குச் செல்லாது.

அதே மலையிலே 2006லேருந்து நெதர்லாந்து நாட்டுக்காரங்க ஒரு காரியம் பண்றாங்க. ஒரே நாள்லே, ஆறு தடவை அந்த மலையிலே சைக்கிள்லே ஏறணும். எதுக்கு? கேன்சர் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. டச்சு மொழியிலே ‘ஸெஸ்’னா ஆறு. மலைப் பேரோட அதைச் சேர்த்து ‘ஆல்ப் டுஸெஸ்’னு பேர் வெச்சிருக்காங்க. ஆறு தடவை ஏறினா மொத்த ஏற்றம் 6,000 மீட்டருக்கு மேல. நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். கடல் மட்டத்துலேருந்து கணக்குப் போட்டாலும் ரெண்டு தொட்டபெட்டாவுக்கு மேல! ஏறறது யாரு? கேன்சர்லேருந்து மீண்டவங்க, அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைங்க, நண்பனைப் பறிகொடுத்தவங்க. ஆறு முடியாதவங்க ஒரு தடவை ஏறுவாங்க. சைக்கிள் முடியாதவங்க நடந்தே ஏறுவாங்க. இதுவரைக்கும் கோடிக்கணக்கான யூரோ திரட்டிக் கொடுத்திருக்காங்க.

2013 ஜனவரியிலே ஆம்ஸ்ட்ராங் ஒத்துக்கிட்டார். அஞ்சு மாசம் கழிச்சு, ஜூன்லே, அந்த மலை காலியா இருந்ததா? ஆயிரக்கணக்கான பேர் ஏறினாங்க! கேன்சரை ஜெயிச்ச கதாநாயகன் பொய்யாப் போனான். கேன்சரை எதிர்த்து மிதிச்ச சாதாரண மனுஷன் அதே மலையிலே நின்னான். நடுவர் அவர்களே, இது சோர்வா? உறுதியா? (நீண்ட கைதட்டல்)

எதிரணியிலே ரெண்டாவதாப் பேசின அம்மா ஒரு பெரிய அஸ்திரம் விட்டாங்க. “பெரியவங்களைப் பார்த்து, இந்தச் சாதாரண ஆளுங்களும் மருந்து போட ஆரம்பிச்சுட்டாங்களே!”ன்னாங்க. உண்மைதாங்க. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? 2012லே நியூயார்க்லே, கிரான் ஃபோண்டோங்கிற சைக்கிள் பந்தயம். பொழுதுபோக்குக்காக மிதிக்கிறவங்க கலந்துக்கிற பந்தயம். அதிலே ரெண்டு பேர் ஈ.பி.ஓ. போட்டு மாட்டினாங்க. வேலை போயிடும்னு பயமா? கிடையாது. பக்கத்துத் தெருக்காரனை முந்தணும்! கோயில்லே அன்னதான வரிசையிலே போய் வி.ஐ.பி. பாஸ் கேக்கற ஜாதி! (பலத்த சிரிப்பு)

ஆனா அம்மா ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாங்க. அந்த ரெண்டு பேரைப் பிடிச்சது யாரு? பொழுதுபோக்குக்காரங்க பந்தயத்துலே சோதனை எதுக்குன்னு இருந்திருக்கலாம். ஆனா அந்தப் பந்தயத்தை நடத்தினவங்களே, இங்கேயும் சோதனை வேணும்னு ஏற்பாடு பண்ணினாங்க. நம்ம வீட்டுக்குள்ளே இது வேண்டாம்னு கதவைச் சாத்தினாங்க. அந்தச் சோதனையிலேதான் ரெண்டு பேரும் மாட்டினாங்க. மேலே பார்த்த அழுக்குதானே இங்கே துடைப்பத்தை எடுக்க வெச்சது?

இன்னொரு வேடிக்கையான கதை. பிரயன் ஃபோகல்னு அமெரிக்காவிலே ஒரு சினிமாக்காரர். அமெச்சூர் சைக்கிள்காரர். ஆம்ஸ்ட்ராங்கைத் தலையிலே வெச்சுக் கொண்டாடினவர். ஏமாந்த கோபத்துலே ஒரு முடிவு எடுத்தார். “இந்தச் சோதனையெல்லாம் எவ்வளவு ஓட்டைன்னு நானே என் உடம்பிலே காட்டறேன்”னு கிளம்பினார். ஆல்ப்ஸ் மலையிலே அமெச்சூர்களுக்கு ஒரு வாரம் நடக்கிற ஓட் ரூட்ங்கிற பந்தயம். முதல் வருஷம் மருந்து இல்லாம மிதிச்சார். 14ஆவது இடம். அடுத்த வருஷம் ஊசியெல்லாம் போட்டுக்கிட்டு, பலம் ஏத்திக்கிட்டு வந்தார். என்ன ஆச்சு தெரியுமா? பின்னாடி போயிட்டார்! (சிரிப்பு) ஏன்? சைக்கிள்லே கியர் மக்கர் பண்ணிடுச்சு. மருந்து ரத்தத்துலே வேலை செஞ்சது, கியர் வேலை செய்யலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இனிமேதான் விஷயம். அவருக்கு யோசனை சொன்னவர் யாருன்னா, ரஷ்யாவிலே மாஸ்கோ சோதனைக்கூடத்தோட தலைவராவே இருந்த கிரிகோரி ரோட்செங்கோவ். பயிரை மேயற வேலி! கடைசியிலே அந்த மனுஷன் 2016லே உண்மையையெல்லாம் கொட்டிட்டார். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்லே, மருந்து போட்ட வீரர்களோட சிறுநீர் மாதிரியை ராத்திரியிலே சுவத்துலே இருந்த ஓட்டை வழியா மாத்தினாங்கன்னு சொன்னார். ஃபோகல் படம் பிடிக்கப் போனது தன் கதையை. கையிலே சிக்கினது ஒரு அரசாங்கத்தோட கதை. 2018 ஒலிம்பிக்லே ரஷ்ய வீரர்கள் தங்கள் தேசியக் கொடியின் கீழே கலந்துக்க முடியலை. அந்தப் படம், ‘இகாரஸ்’, அதே 2018லே ஆஸ்கர் வாங்கிச்சு. ஊசி போட்டுக்கிட்ட அந்த வழியை நான் சிபாரிசு செய்யலை. யாரும் வீட்டிலே முயற்சி பண்ணாதீங்க! ஆனா ஏமாந்த ஒரு அமெச்சூர் சோர்ந்துபோய் சைக்கிளை விற்றிருந்தா, அந்தப் படம் வந்திருக்குமா?

(நடுவர்: மணி அடிக்கப் போறேன்.)

ஐயா, ரெண்டே நிமிஷம். கடைசிக் கேள்வி எதிரணியோட மூணாவது கேள்வி. “நேர்மையா இருந்தவனுக்கு என்ன கிடைச்சது?” நல்ல கேள்வி. கிறிஸ்தோஃப் பசோன்னு ஒரு பிரெஞ்சு வீரர். 1999 டூர் பந்தயத்துலே மிதிச்சுக்கிட்டே, மருந்தைப் பத்திப் பத்திரிகையிலே வெளிப்படையா எழுதினார். சக வீரர்கள் அவரோட பேச்சையே நிறுத்திட்டாங்க. ஆம்ஸ்ட்ராங்கே பக்கத்துலே வந்து, வீட்டுக்குப் போன்னார். மனசு உடைஞ்சு பாதியிலே விலகினார். ஆமாங்க, நேர்மைக்கு விலை உண்டு. பெரிய விலை. அந்த விலையை அவர் ஒருத்தரே கொடுக்கணுமா, நாமளும் பங்கு போட்டுக்கணுமாங்கிறதுதான் இந்தப் பட்டிமன்றத்தோட கேள்வியே!

இதுக்குப் பதில் பாஸ்டன்லே இருக்கு. 2014 மாரத்தான். பெண்கள்லே முதலிடம் கென்யாவோட ரீட்டா ஜெப்டூ. ரெண்டாவது, எத்தியோப்பியாவிலே பிறந்து நியூயார்க்லே வாழற புசுனேஷ் தேபா. 2 மணி 19 நிமிடம் 59 விநாடி. அதே வருஷம் ஜெப்டூ ஈ.பி.ஓ.விலே மாட்டினார். 2016லே பட்டம் தேபாவுக்கு வந்தது. வந்தது பட்டம் மட்டும்தான். ஜெயிச்ச அன்னிக்குத் தொட வேண்டிய ரிப்பன் இல்லை. கழுத்திலே மாலை இல்லை. முதல் பரிசுக்குச் சேர வேண்டிய மிச்சப் பணம் 75,000 டாலரும் வரலை. முதல்லே கொடுத்ததை ஜெப்டூகிட்டேருந்து வாங்கினால்தான் கொடுக்க முடியும்னாங்க பந்தயம் நடத்தினவங்க. வருஷம் போச்சு, வருஷம் போச்சு.

2024லே அந்தச் செய்தியை ஒருத்தர் பத்திரிகையிலே படிச்சார். அவர் சாம்பியன் இல்லை, அதிகாரி இல்லை. பாஸ்டன் மாரத்தான் மேல பிரியம் வெச்சிருக்கிற ஒரு வியாபாரி. தேபா அவருக்கு அக்காவா, தங்கச்சியா? முகம் பார்த்துப் பழகினவர்கூட இல்லை. தன் சொந்தப் பணத்துலேருந்து 75,000 டாலரை அந்த அம்மாவுக்கு அனுப்பி வெச்சார்! (நீண்ட கைதட்டல்) அதுக்கப்புறம் பந்தயம் நடத்தறவங்களும், மருந்துக்காரங்களாலே பரிசை இழந்த பழைய வீரர்களுக்குத் தாங்களே கொடுக்க முன்வந்தாங்க.

இவர் யாருங்க? நாம இத்தனை நேரம் பேசிக்கிட்டிருக்கிற சாதாரண மனுஷர்தான். திருடினது ஒருத்தர். கொடுக்க வேண்டியவங்க இன்னொருத்தர். ரெண்டுமே இல்லாத ஒரு மனுஷன் கடனை அடைச்சான். சோர்ந்துபோனவன் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, “உலகமே இப்படித்தான்”னு போயிருப்பான்.

அன்பர்களே, நம்ம வீட்டிலேயும் ஓடற பிள்ளைங்க இருக்காங்க. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்லே நாலாவது வந்துட்டு, அழுதுக்கிட்டே வர்ற பிள்ளைங்க. ஒருநாள் இந்த ஆம்ஸ்ட்ராங் கதையைப் படிச்சுட்டு வந்து, “அப்பா, மருந்து போட்டாத்தான் ஜெயிக்க முடியுமா?”ன்னு கேக்கும். எதிரணி சொல்ற பதிலைச் சொன்னா, அந்தப் பிள்ளை அன்னிக்கே ஷூவைக் கழட்டிடும். இல்லேன்னா ஊசியைத் தேடிப் போயிடும். ரெண்டுமே நமக்கு நஷ்டம். “கண்ணு, ஏழு வருஷம் ஜெயிச்சவன் பேரு இன்னிக்குப் பட்டியல்லே இல்லை. நீ நேத்து பத்து நிமிஷத்துலே ஓடினதை இன்னிக்கு ஒன்பதரை நிமிஷத்துலே ஓடியிருக்கே. அதை எந்தக் கமிட்டியும் உன்கிட்டேருந்து பிடுங்க முடியாது”ன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளை நாளைக்கும் ஓடும்.

ஆகவே நடுவர் அவர்களே! பெரிய வீரர்களின் ஊக்க மருந்துச் செய்திகள் சாதாரண மனிதரைக் கோபப்படுத்துகின்றன, வருத்தப்படுத்துகின்றன. ஆனாலும் அந்தக் கோபத்தோடு அவர் மறுநாள் காலையிலே ஷூவை மாட்டிக்கொண்டு இன்னும் உறுதியாகவே வாசலைத் தாண்டுகிறார் என்று எங்கள் அணிக்குச் சாதகமாக நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)